இன்ஸ்பான், அவுட்ஸ்பான்: எருது பூட்டும் சொல் நிலப் பத்திரம் வரை வந்த வழி

தென்னாப்பிரிக்காவில் பழைய பண்ணை நிலத்தை வாங்கப் போகிறவர் பத்திரத்தைப் புரட்டும்போது ஒரு வரியில் தடுக்கி நிற்பது உண்டு. 'இந்நிலம் அவுட்ஸ்பான் சர்விட்யூட்டுக்கு உட்பட்டது' என்பது அந்த வரி. சர்விட்யூட் என்றால் ஒருவர் நிலத்தின் மேல் மற்றவருக்கு உள்ள பயன்பாட்டு உரிமை. அவுட்ஸ்பான் என்றால் ஆரஞ்சுப் பழத்தின் மேல் ஒட்டியிருந்த பெயர்தானே, அது பத்திரத்தில் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸில் வரும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் ரக்பி அணிக்கு 'ஸ்பான்' என்று பெயர். மின் நிலைய வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் 'ஹோக்ஸ்பானிங்', அதாவது உயர் மின்னழுத்தம். பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படிக்கும் நம் பிள்ளைகள் 'இன்ஸ்பானிங்' என்றால் முயற்சி, 'ஒன்ட்ஸ்பானிங்' என்றால் ஓய்வு, பொழுதுபோக்கு என்று தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். இவற்றில் பல, வண்டியில் மாட்டைப் பூட்டுவதும் அவிழ்ப்பதுமான ஒரே வேலையின் வழியாக வந்தவை. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் சொற்கள் தாமே விளங்கிவிடும்.

வேர்: இழுத்து விறைப்பாக்குதல்

டச்சு மொழியில் 'ஸ்பானென்' என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் இழுத்து விறைப்பாக்குதல். கயிற்றை இழுத்துக் கட்டுவது, வில்லை வளைத்து நாணேற்றுவது, விலங்கை வண்டியோடு பிணைப்பது எல்லாம் இதில் அடங்கும். முன்னால் 'இன்' சேர்த்தால் பூட்டுதல். 'உய்ட்' சேர்த்தால் அவிழ்த்தல். 17ஆம் நூற்றாண்டில் கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களோடு இந்தச் சொல் இங்கே வந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர்கள் 'இன்ஸ்பான்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'உய்ட்ஸ்பான்' என்பதில் முன்பாதியை மட்டும் மொழிபெயர்த்து 'அவுட்ஸ்பான்' ஆக்கினார்கள். அவுட்ஸ்பானைத் தூய ஆங்கிலச் சொல் என்று நினைத்துப் பொருள் தேடுபவர்கள் குழம்புவதற்கு இந்தப் பாதி மொழிபெயர்ப்புதான் காரணம்.

ஆங்கிலத்திலும் இதே வேர் உண்டு. கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனி வரை உள்ள அளவு, நாம் சாண் என்பது, அங்கே ஸ்பான். திருகாணியை முறுக்கும் ஸ்பானரும் ஜெர்மன் வழியாக இதே குடும்பத்திலிருந்து வந்தது. பழைய காலத் துப்பாக்கியின் சுருள்வில்லை முறுக்கி விறைப்பேற்றும் கருவிக்குத்தான் அந்தப் பெயர் முதலில் இருந்தது.

16 எருதுகளைப் பூட்டும் முறை

தமிழ்நாட்டு மாட்டு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே இரண்டு மாடு, ஒரு நுகத்தடி. இங்கே நெடுந்தூரச் சரக்கு வண்டிக்கு வழக்கமாக 16 எருதுகள், சில வேளைகளில் 14 அல்லது 18. 16 என்றால் எட்டு சோடி, எட்டு நுகம். ஒன்றன் முன் ஒன்றாக எட்டு சோடியும் ஒரே வடத்தில் இணைந்திருக்கும். வண்டிக்காரன் கையில் கடிவாளம் எதுவும் கிடையாது. எருதுகளுக்கு மூக்கணாங்கயிறும் இல்லை. பூட்டும் வரிசை இது:

1. மேய்ச்சலிலிருந்து எருதுகளை ஓட்டிவந்து வண்டியருகே வரிசையாக நிறுத்துவார்கள். கொம்பில் தோல்வார் மாட்டுவார்கள். இந்த வாருக்கு 'ரீம்' என்று பெயர். பதப்படுத்திய மாட்டுத்தோலை நீளமாக அறுத்து முறுக்கி எடுத்தது.

2. வண்டியின் ஏர்க்காலுக்கு 'டிஸல்பூம்' என்று பெயர். அதன் இருபுறமும் நிற்பவை 'அக்தெரொஸ்', பின்னெருதுகள். சரிவில் வண்டியின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பவை இவைதான் என்பதால் வலுவும் நிதானமும் உள்ளவற்றை இங்கே பூட்டுவார்கள்.

3. ஏர்க்கால் நுனியிலிருந்து முன்னோக்கிப் போகும் வடம் 'ட்ரெக்டோ'. முன்பு முறுக்கிய தோல். பிற்காலத்தில் இரும்புச் சங்கிலி. ஒவ்வொரு நுகத்தின் நடுவிலும் உள்ள வளையம் இந்த வடத்தில் கோக்கப்படும்.

4. நுகத்தை இரண்டு எருதுகளின் கழுத்தின் மேல், திமிலுக்கு முன்னால் வைப்பார்கள். நுகத்தில் ஒவ்வொரு கழுத்துக்கும் இரண்டு துளைகள். அவற்றில் மேலிருந்து கீழாக மரக்குச்சிகளைச் செருகினால் கழுத்து இரண்டு குச்சிகளுக்கு நடுவே அடங்கும். இந்தக் குச்சிதான் 'யுக்ஸ்கே'. குச்சிகளின் கீழ்முனைகளைக் கழுத்துக்கு அடியில் தோல்பட்டியால் இணைத்துக் கட்டினால் ஓர் எருதைப் பூட்டியாயிற்று.

5. முன்சோடி, பழக்கத்தில் தேர்ந்தவை. அவற்றின் கொம்பில் கட்டிய வாரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னே நடப்பார், பெரும்பாலும் சிறுவன். ஓட்டுபவர் நீண்ட மூங்கில் கோலில் கட்டிய சாட்டையோடு பக்கவாட்டில் நடப்பார், அல்லது வண்டியின் முன்புறம் அமர்ந்திருப்பார்.

யுக்ஸ்கே என்ற பெயரை ஜொகன்னஸ்பர்க் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். அலெக்சாண்ட்ரா வழியாக ஓடும் ஆற்றின் பெயர் அது. மழைக்காலத்தில் வெள்ளச் செய்தி வரும்போதெல்லாம் அச்சில் வருகிறது. அதே குச்சியை எறிந்து ஆடும் விளையாட்டுக்கும் யுக்ஸ்கே என்றே பெயர்.

ஒவ்வொரு எருதுக்கும் தனிப்பெயர் இருந்தது. இழுவையில் தளர்வது எதுவோ அதன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள். இடப்பக்க எருது 'ஹொட்', வலப்பக்க எருது 'ஹார்'. தமிழ்நாட்டு உழவர் வலத்தை மாடு, இடத்தை மாடு என்று பிரித்து, ஒன்றை மற்றதன் இடத்தில் பூட்டாமல் இருப்பது போன்றதே இது. இடம் மாறினால் எருது மிரளும். பழகிய இடத்தில் நின்றால் தானே கழுத்தைக் கொடுக்கும்.

கடைசியில் சாட்டை சொடுக்கி, குரல் கொடுத்தவுடன் 16 எருதுகளும் ஒரே நேரத்தில் முன்னே அழுந்தும். தளர்ந்து தரையில் கிடந்த வடம் முழுநீளத்துக்கும் விறைத்து எழும். ஸ்பானென் என்ற வினையின் பொருளைக் கண்ணால் பார்க்கக்கூடிய நொடி அதுதான். அப்படி ஒரே வடத்தில் இழுக்கும் எருதுகளின் தொகுதிக்கு 'ஸ்பான்' என்ற பெயர் பொருந்தி நிலைத்துவிட்டது.

நெதர்லாந்தில் ஒற்றைக் குதிரையைப் பூட்டினாலும் இன்ஸ்பானென் என்றுதான் சொல்வார்கள். 16 எருதுகள் அந்தச் சொல்லைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சொல்லுக்கு இந்த மண்ணில் இப்படி ஓர் உருவம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அவிழ்க்காமல் ஓட்ட முடியாது

எருது வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகரும். ஒரு நாளில் 15 முதல் 20 கிலோமீட்டர் போனால் நல்ல பயணம். அதற்கு மேல் ஏன் முடியாது என்பதற்குக் காரணம் எருதின் வயிறு. அது பல மணி நேரம் மேய வேண்டும். மேய்ந்ததைப் பல மணி நேரம் அசைபோட வேண்டும். கடும் வெயிலில் இழுத்தால் சோர்ந்துவிடும். வண்டியிலோ சரக்குக்கே இடம் போதாது. 16 எருதுகளுக்குத் தீவனம் ஏற்றிச் செல்வது நடக்காத காரியம். ஆகவே விடியலுக்கு முன்னும் மாலையிலும் இரவிலும் ஓட்டுவார்கள். பகலில் அவிழ்த்து மேயவிடுவார்கள்.

வண்டிப் பயணத்தின் அளவுகோலே அவிழ்ப்பதுதான். ஓர் அவுட்ஸ்பானிலிருந்து அடுத்த அவுட்ஸ்பான் வரையுள்ள ஓட்டத்துக்கு 'ஸ்கோஃப்' என்று பெயர். இன்றைய ஆஃப்ரிகான்ஸில் அதே சொல் தொழிற்சாலையின் ஷிஃப்டைக் குறிக்கிறது. இரவு ஷிஃப்ட் 'நாக்ஸ்கோஃப்'. மலையேற்றப் பயணங்களுக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'ட்ரெக்' என்ற சொல்லும் இழுத்தல் என்ற பொருளுடைய டச்சு வினையிலிருந்து இதே பாதையில் வந்ததுதான்.

அவிழ்க்கும் இடத்துக்கு மூன்று வேண்டும்: புல், தண்ணீர், விறகு. மூன்றும் இருக்கும் இடம் சாலையோரத்தில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்தாலும் அது யாரோ ஒருவரின் பண்ணைக்குள் இருக்கும். நிலப் பத்திரத்தில் இந்தச் சொல் நுழைந்ததன் காரணம் இங்கே தொடங்குகிறது. அதற்கு முன் இந்தச் சொல் மொழிகளுக்குள் பயணம் செய்த கதையைப் பார்த்துவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

அண்டை மொழிகளும் தமிழும்

சோத்தோ, ட்ஸ்வானா மொழிகளில் எருது பூட்டுவதற்கு 'பானா' என்கிறார்கள். ஸ்பான் என்பதன் முதல் மெய் உதிர்ந்து, அவர்கள் நாவுக்கு ஏற்ற சொல்லாகிவிட்டது. அவிழ்ப்பதற்கு டச்சுச் சொல்லைத் தேடவில்லை. ஒரு செயலை மாற்றிச் செய்வதைக் காட்டும் விகுதி அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. அதைப் பானாவுடன் சேர்த்துக்கொண்டார்கள். கடன் வாங்கிய சொல்லைத் தன் இலக்கணத்தில் வைத்துப் புழங்கும் தெம்பு அது.

ஜூலு மக்கள் பொருள்களின் பெயர்களை வாங்கினார்கள்: நுகத்துக்கு 'இஜோகா', நுகக் குச்சிக்கு 'இசிகேயி', எருதுத் தொகுதிக்கு 'இசிபானி'. ஆனால் செயலுக்குத் தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். பூட்டுவது 'போபேலா', கட்டு என்ற பொருளுடைய 'போபா'வின் வழிவந்தது. அவிழ்ப்பது 'குமுலா'. ஜூலு பேசுபவர்களோடு வேலை செய்த யாருக்கும் குமுலா தெரிந்திருக்கும், ஏனென்றால் ஆடையைக் களைவதற்கும் செருப்பைக் கழற்றுவதற்கும் அதுவே சொல். எருதின் கழுத்திலிருந்து நுகத்தை எடுப்பதும் உடலிலிருந்து ஆடையை எடுப்பதும் அந்த மொழிக்கு ஒரே செயல்.

இங்கே தமிழர் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் 'பூட்டு' எப்படி அமைந்தது? உண் என்பதன் பிறவினை ஊட்டு. காண் என்பதன் பிறவினை காட்டு. அதே போல் பூண் என்பதன் பிறவினை பூட்டு. பூண் என்றால் அணிந்துகொள்; பூட்டு என்றால் அணிவி. ஆரம் பூண்பதும், உலக்கை முனையில் இரும்புப் பூண் இருப்பதும், ஏரில் மாடு பூட்டுவதும், கதவில் பூட்டுப் போடுவதும் ஒரே வேர். மாடு நுகத்தை அணிகிறது என்று தமிழ் பார்க்கிறது. அணிந்ததைக் களைகிறது என்று ஜூலு பார்க்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், எருதின் கழுத்தை உற்றுப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. டச்சு மொழியோ கழுத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்தது.

ஆனால் தமிழ்ச் சொல்லில் விறைப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வில்லில் நாணேற்றுவதையும் பூட்டுதல் என்போம். செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் இணைந்து பொருள் தருவதற்கு இலக்கண நூலார் வைத்த பெயர் பூட்டுவிற் பொருள்கோள். நாண் வில்லின் இரு முனைகளையும் இணைப்பதிலிருந்து எடுத்த பெயர் அது. டச்சிலும் வில்லை நாணேற்றுவது ஸ்பானென்தான். வெவ்வேறு இடத்தில் தொடங்கிய இரு சொற்களும் வில்லில் வந்து சேர்கின்றன.

நுகத்தைப் பற்றி நம் பழைய இலக்கியம் வைத்திருக்கும் செய்திகளில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகரின் வண்டியைப் பற்றி 'எருதே இளைய; நுகம் உணராவே' என்கிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் பெரிது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று அஞ்சி, உமணர் மாற்று அச்சு ஒன்றை வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருப்பார்கள். நெடுவழிச் சரக்கு வண்டி ஓட்டிய எந்த நாட்டவருக்கும் விளங்கும் கவலை இது. பட்டினப்பாலையில், 'நெடுநுகத்துப் பகல் போல' நடுவுநிலையில் நிற்கும் வணிகர்களைப் பார்க்கிறோம். பகல் என்பது நுகத்தின் நடு ஆணி. இரண்டு பக்கமும் சமமாகப் பகுப்பது அதன் வேலை.

இந்த ஒப்புமைகளை வைத்து ஸ்பான் தமிழிலிருந்து போனது, யுக்ஸ்கேயில் நுகம் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் எழுதுபவர்களை நான் ஏற்கவில்லை. டச்சு 'யுக்', ஆங்கில 'யோக்', வடமொழி 'யுகம்' மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். யோகம் என்ற சொல்லும் அந்த வேர்தான். ஒலி நெருக்கம் மட்டுமே உறவுக்குச் சான்று ஆகாது. தமிழின் பெருமைக்கு மேலே சொன்ன பூணும் பூட்டுமே போதும். இல்லாத பிறப்புரிமை தேவையில்லை.

மாட்டிலிருந்து மனிதருக்கு

சொல் பொருள் மாறிய படிகளை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. ஒரே வடத்தில் இழுக்கும் எருதுகள் ஸ்பான்.

2. ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் ஆட்கள் ஸ்பான். வேலைக் கும்பலுக்கு முதலில். பிறகு விளையாட்டு அணிக்கு. கூட்டுப்பணிக்கு 'ஸ்பான்வெர்க்'.

3. ஒருவரையோ ஒரு பொருளையோ காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது இன்ஸ்பான். 'அவரையும் இதில் பூட்டிவிட்டார்கள்' என்பது போன்ற பொருள்.

4. தன்னையே பூட்டிக்கொள்வது இன்ஸ்பானிங், அதாவது முயற்சி. விறைப்பு நீங்குவது ஒன்ட்ஸ்பானிங், அதாவது ஓய்வு.

5. நெதர்லாந்தில் குதிரையை அவிழ்த்துக் களைப்பாறும் வழிச்சத்திரம் 'உய்ட்ஸ்பானிங்'. குதிரை போனபின்னும் பெயர் நின்றது. இன்று மரநிழலில் மேசை போட்ட உணவகத்தைக் குறிக்கிறது.

மின்னழுத்தத்தைக் குறிக்கும் ஸ்பானிங் இந்த வரிசையில் சேராது. அது எருதின் வழியாக வரவில்லை. இழுத்து விறைப்பாக்குதல் என்ற வேர்ப்பொருளிலிருந்தே நேராகப் பிறந்தது. மனப் பதற்றத்துக்கும் அதே ஸ்பானிங்தான்.

ஆங்கிலச் சொல்லான 'டீம்' கூட இழுவை விலங்குகளைக் குறித்த பழஞ்சொல்தான். நாம் கிரிக்கெட் அணி என்று சொல்லும் அணிக்கு அந்தப் பின்னணி இல்லை; வரிசை, ஒழுங்கு, ஒப்பனை என்ற பொருள்களிலிருந்து வந்தது அது.

மூன்றாவது படியை நான் எளிதில் கடந்துபோக விரும்பவில்லை. ஆளைப் பூட்டுவது என்ற உருவகம், உழைப்பு விலைக்கும் ஒப்பந்தத்துக்கும் கட்டுண்ட நாட்டில் வேர்பிடித்த சொல். நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த வகையை நினைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும்.

நேட்டாலும் நம்மவரும்

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், 342 பேரோடு நேட்டாலின் துறைமுக நகரான டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் டர்பன் நகருக்கும் பாயிண்ட் துறைமுகத்துக்கும் இடையே தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சில கிலோமீட்டர் நீளம்தான். அதற்கு அப்பால் எல்லாமே எருது வண்டி. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த 1,52,184 பேரில் பலர், கரும்பை வெட்டி எருதும் கோவேறு கழுதையும் இழுக்கும் வண்டிகளில் ஏற்றியவர்கள். ஏரும் நுகமும் தெரிந்த உழவர்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் வந்து பார்த்த எருது, ஊரில் பார்த்ததைப் போலவே திமிலுள்ளது. ஆனால் அதைப் பூட்டும் முறையும், அதை அழைக்கும் சொற்களும் புதியவை.

ரயில் பாதை பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு 1880லும், நேட்டாலுக்கு வடக்கே இருந்த டிரான்ஸ்வாலின் எல்லையில் உள்ள சார்ல்ஸ்டவுனுக்கு 1891லும் போய்ச் சேர்ந்தது. ஜொகன்னஸ்பர்க் வரை நீண்டது 1895இல். 1893இல் அங்கே சென்ற காந்தி, சார்ல்ஸ்டவுனில் ரயிலை விட்டிறங்கிக் குதிரைக் கோச்சில் ஏறியது இந்த இடைவெளியால்தான். அந்தக் கோச்சில் அவர் அடிபட்ட நிகழ்ச்சி நம் வாசகர்கள் அறிந்ததே.

ரயில் வராத ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்வது நல்ல வருமானம் தரும் தொழிலாக இருந்தது. அது வெள்ளையரின் தொழில் மட்டும் அல்ல. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு அருகே உள்ள ஈடன்டேலின் கறுப்பின மக்கள் சொந்த வண்டியும் எருதும் வைத்துச் சரக்குப் போக்குவரத்து நடத்தினார்கள். கேப் பகுதியில் வண்டியோட்டிகளில் பலர் அங்கத்தைய பூர்வகுடிகளான கொய்கொய் மக்கள்.

1896இல் மாடுகளைக் கொல்லும் தொற்றான வெக்கை நோய் வடக்கிலிருந்து ஜாம்பெசி ஆற்றைத் தாண்டி இறங்கியது. 1897இல் நேட்டாலுக்கு வந்தது. தெற்கு ஆப்பிரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. சரக்குப் போக்குவரத்து பல இடங்களில் நின்றுபோனது. சொந்த எருதை நம்பியிருந்த கறுப்பின வண்டிக்காரர்கள் மீள முடியாதபடி விழுந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் உண்ணி பரப்பும் கிழக்குக் கரைக் காய்ச்சலும் வந்து மிச்சத்தை வாரியது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 2011இல்தான் அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாற்றை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1938இல், டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களின் பெரும்பயணத்தின் நூற்றாண்டுக்கு எருது வண்டிகள் ஊர் ஊராக ஊர்வலம் போயின. அடுத்த ஆண்டு ஒஸெவாபிரான்ட்வாக், அதாவது 'எருது வண்டிக் காவல்', என்ற தேசியவாத இயக்கம் தோன்றியது. 1949இல் திறக்கப்பட்ட பிரிட்டோரியா நினைவு மண்டபத்தின் சுற்றுச்சுவரில் 64 வண்டிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எருது வண்டி ஓர் இனத்தின் சின்னமாக ஆக்கப்பட்டது இப்படித்தான். அந்த வண்டியை இழுத்ததும் ஓட்டியதும் பூட்டியதும் பல கைகள். சோத்தோ பேசுபவர் பானா என்று சொல்லும்போதெல்லாம் அது தெரிகிறது.

அவுட்ஸ்பான் என்ற பெயர் பின்னர் தென்னாப்பிரிக்க ஆரஞ்சுப் பழங்களின் ஏற்றுமதி முத்திரையாக உலகெங்கும் போனது. 1970களில் நெதர்லாந்தில் நிறவெறி எதிர்ப்பாளர்கள் அந்தப் பழத்தைப் புறக்கணிக்கும் இயக்கம் நடத்தினார்கள். கறுப்பினக் குழந்தையின் தலையைச் சாறு பிழிவது போன்ற அவர்களுடைய சுவரொட்டி இன்றும் பேசப்படுகிறது. நமீபியாவின் விண்ட்ஹுக்கில் 'அவுஸ்ஸ்பான்பிளாட்ஸ்' என்ற சந்திப்பு உண்டு. வண்டி அவிழ்க்கும் திடல் என்பதன் ஜெர்மன் வடிவம்.

பத்திரத்தில் இருக்கும் வரி

சர்விட்யூட் என்பது ஒருவர் நிலத்தின் மேல் மற்றவருக்கு இருக்கும் பயன்பாட்டு உரிமை. இந்தியச் சட்டத் தமிழில் வசதியுரிமை என்பதற்கு நெருக்கமானது. அவுட்ஸ்பான் சர்விட்யூட்டில் அந்த 'மற்றவர்' பொதுமக்கள். வழிப்போக்கர் பண்ணைக்குள் வந்து, எருதை அவிழ்த்து, மேயவிட்டு, தண்ணீர் காட்டிச் செல்லலாம். உரிமையாளர் தடுக்க முடியாது. நிலம் தனியாருக்குப் போனாலும் சாலை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அரசு வைத்த நிபந்தனை இது. நான் இதை நல்ல சட்டம் என்றே கருதுகிறேன். பெட்ரோல் இல்லாத காலத்தின் எரிபொருள் புல்; அது யாருடைய வேலிக்குள் முளைத்தாலும் பயணிக்கு எட்ட வேண்டியிருந்தது.

டிரான்ஸ்வால் பண்ணைகள் பலவற்றில் இந்த உரிமையின் அளவு, பண்ணைப் பரப்பில் 75இல் ஒரு பங்கு. பழைய அளவில் ஒரு மோர்கன் சுமார் 0.86 ஹெக்டேர். 3,000 மோர்கன் பண்ணை என்றால் 40 மோர்கன், அதாவது ஏறக்குறைய 34 ஹெக்டேர் அவிழ்க்கும் இடமாக ஒதுங்கும். பண்ணை பின்னாளில் துண்டு துண்டாகப் பிரிந்தபோது, இந்த நிபந்தனையும் துண்டுகளின் பத்திரங்களில் ஏறியது. வண்டிகள் மறைந்தபின் மாகாண நிர்வாகங்கள் அரசிதழ் அறிவிப்புகள் மூலம் பலவற்றை ரத்து செய்தன, அல்லது பரப்பைக் குறைத்தன. ரத்து செய்யப்படாதவை பத்திரத்தில் அப்படியே நிற்கின்றன.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை:

1. உரிமை எந்த இடத்தில் என்று அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்டதா, அல்லது இடம் குறிக்காமல் பரப்பு மட்டும் எழுதப்பட்டதா. இரண்டாவது வகை முழுத்துண்டின் மேலும் தொங்கும். சிக்கல் அதில்தான் அதிகம்.

2. தாய்ப் பண்ணையின் எந்தப் பகுதியில் அது விழுகிறது. நீங்கள் வாங்கும் துண்டு அதற்கு வெளியே இருக்கலாம்.

3. ரத்து அறிவிப்பு வெளிவந்திருந்தால் அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் குறிக்கப்பட்டதா. அரசிதழில் வந்தும் பத்திரத்தில் ஏறாத நிலையில் வங்கிக் கடனுக்குப் போகும்போது கேள்வி எழும்.

இம்மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே, நில மாற்றப் பத்திரத்தைக் கவனிக்கும் வழக்கறிஞரான கன்வேயன்ஸரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிணறு, ஓடை, பழைய சாலையை ஒட்டிய சமதளம் இவை நிலத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவிழ்க்கும் இடத்தை அன்றைக்கு அப்படிப்பட்ட இடங்களில்தான் தேர்ந்தெடுத்தார்கள்.